போலோ 1.0 டிஎஸ்ஐ ஏர் இன்டேக்: பேனல் ஃபில்டரா, ஓப்பன் கோனா, மூடிய பாக்ஸா?

கோவை_டிஎஸ்ஐ

வணக்கம்ங்க. வண்டி 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ, மேனுவல். 110 பிஎஸ், 175 என்எம். எஞ்சின்ல இதுவரைக்கும் எதுவும் மாத்தல. பின்னாடி ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி பவர் கூட்டறது) பண்ற எண்ணம் இருக்கு. அதுக்கு முன்னாடி இன்டேக்கை, அதாவது எஞ்சினுக்குக் காத்து போற வழியை, மாத்திடலாமான்னு யோசிக்கிறேன்.

மூணு வழி தெரியுது. ஸ்டாக் (கம்பெனி கொடுத்த) பாக்ஸ்குள்ளயே போடுற காட்டன் பேனல் ஃபில்டர், ஹீட் ஷீல்டு மட்டும் வெச்ச ஓப்பன் கோன், முழுசா மூடுன பாக்ஸோட வர்ற கிட். கடையில கேட்டா ஓப்பன் கோன்ல "10 எச்பி கூடும்"ங்கிறாங்க. ஓட்டம் பெரும்பாலும் கோவை டவுன், பொள்ளாச்சி ரோடு, அப்பப்போ ஊட்டி.

எது உருப்படியா வேலை செய்யும்? ரீமேப் இல்லாம போட்டா ஏதாச்சும் பயன் உண்டா? வீட்லயே மாட்ட முடியுமா, எதுல கவனமா இருக்கணும்? விவரமா சொன்னா உதவியா இருக்கும்ங்க.

அழுத்தமானி

ப்ரோ, பிராண்டைப் பேசறதுக்கு முன்னாடி இந்த எஞ்சின் காத்தை எப்படி அளக்குதுன்னு பாத்துடுவோம். பாதி பதில் அதுலயே இருக்கு.

உங்களுது ஈஏ211 எஞ்சின் குடும்பம். காத்தோட்டத்தை நேரா அளக்கற எம்ஏஎஃப் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டுல இருக்கிற அழுத்தம், வெப்பநிலை ரெண்டையும் வெச்சு எவ்வளவு காத்து உள்ள போச்சுன்னு ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) கணக்குப் போடுது. எவ்வளவு பூஸ்ட் (டர்போ அமுக்கித் தர்ற காத்தழுத்தம்) வேணும்ங்கிறதையும் ஈசியூதான் முடிவு பண்ணுது. இன்டேக்ல தடை இருந்தா வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுத்தாம எக்ஸாஸ்டை வெளிய விடற கதவு) இன்னும் கொஞ்சம் மூடி, டர்போவை வேகமா சுத்த வெச்சு, அதே பூஸ்ட்டைக் கொண்டு வந்துடும். தடையைக் குறைச்சா டர்போ கொஞ்சம் நிதானமா சுத்தும், பூஸ்ட் அதேதான். அதனால ஸ்டாக் மேப்ல 10 எச்பிங்கிற பேச்சை நம்பாதீங்க. டர்போ விசில் சத்தம் நல்லாக் கேக்கும், அது நிஜம்.

எண்ணாப் போட்டுப் பாருங்க. வெளிக்காத்து 100 கிலோபாஸ்கல், 40 டிகிரி. ஈசியூ கேக்குறது 180 கிலோபாஸ்கல்னு வெச்சுக்குவோம். ஸ்டாக் இன்டேக் 3 கிலோபாஸ்கலைத் தின்னா டர்போ 97-ஐ 180 ஆக்கணும், விகிதம் 1.86. நல்ல கிட் தடையை 1 கிலோபாஸ்கலாக் குறைச்சா 99-ஐ 180 ஆக்கினாப் போதும், விகிதம் 1.82. கம்ப்ரஸர் (டர்போவுல காத்தை அமுக்கற பக்கம்) திறன் 70 சதவீதம்னு எடுத்தா, முதல்ல டர்போவை விட்டு வர்ற காத்து சுமார் 127 டிகிரி, ரெண்டாவதுல 123 - 124. லாபம் மூணே டிகிரி.

இப்போ அதே தடை குறைஞ்ச ஃபில்டர் எஞ்சின் பேக்குள்ள திறந்து கிடந்து, 40-க்குப் பதிலா 60 டிகிரி காத்தை இழுக்குதுன்னு வைங்க. டர்போவை விட்டு வெளிய வர்றப்போ 149 டிகிரி. தடையைக் குறைச்சு 3 டிகிரி சம்பாதிச்சு, சூட்டுக் காத்தை இழுத்து 25 டிகிரி தொலைச்சாச்சு. உங்க வண்டியில மேனிஃபோல்டுக்குள்ளயே தண்ணி இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர வைக்கிறது) இருக்கு, அது கொஞ்சம் காப்பாத்தும். ஆனா அந்தத் தண்ணியும் சூட்டை வெளிய தள்ளியாகணும். கோவை சிக்னல்ல ஏசி போட்டு நிக்கிறப்போ அதுக்கு வழி குறைவு. எஞ்சினுக்குள்ள போற காத்தோட சூடு ஏறினா ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், நீங்க மாட்டின கிட்டு பவரைக் குறைக்கத்தான் செய்யும்.

அதனால என் கருத்து: இந்த வண்டிக்கு ஃபில்டர் எதுங்கிறது ரெண்டாவது கேள்வி. வெளிக்காத்து மட்டும் உள்ள வர்ற மாதிரி பாக்ஸ் மூடியிருக்கா, அதுக்குக் குளிர்ந்த இடத்துல இருந்து டக்ட் வருதாங்கிறதுதான் முதல் கேள்வி. ஹீட் ஷீல்டுன்னு மூணு பக்கம் தகடு வெச்சு மேல திறந்து விடறது பேனட் ரப்பரோட சரியாப் பொருந்தினாத்தான் பாக்ஸ் மாதிரி வேலை செய்யும். பெரும்பாலான கிட்ல ஒரு விரல் போற இடைவெளி இருக்கும்.

குழாய் விட்டத்தைப் பத்தியும் யாராச்சும் சொல்லுவாங்க, "76 எம்எம் போடுங்க"ன்னு. 110 பிஎஸ்ஸுக்கு ஏறக்குறைய 85 - 90 கிராம்/விநாடி காத்து போதும். 60 எம்எம் குழாய்ல அது சுமார் 27 மீட்டர்/விநாடி வேகம். 70 எம்எம் ஆக்கினா 20. ரெண்டுக்கும் அழுத்தத்துல வித்தியாசம் 0.2 கிலோபாஸ்கல் கூட இல்ல. பெரிய குழாய்க்குக் காசு போடாதீங்க. கூர்மையான வளைவு, மடிப்பு, படி மாதிரி நிக்கிற ஜாயிண்ட் இதெல்லாம் விட்டத்தை விட அதிகமாத் திங்கும்.

ரீமேப் பண்ணப் போறீங்கன்னா கதை மாறும். தடை காத்தோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். காத்து 25 சதவீதம் கூடினா தடை 56 சதவீதம் கூடும். ஊட்டியிலயும் இப்படித்தான். 2,200 மீட்டர்ல வெளிக்காத்தே 77 கிலோபாஸ்கல் பக்கம்தான், டர்போ ஏற்கெனவே 2.3 விகிதத்துக்கு ஓடணும். அங்க ஒவ்வொரு கிலோபாஸ்கலும் கணக்குல வரும்.

கோவை_டிஎஸ்ஐ

ரொம்ப நன்றிங்க. அந்த 3 கிலோபாஸ்கல் என் வண்டியில நிஜமா எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா? கிட்டுக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பாத்துடலாம்னு நினைக்கிறேன்.

அழுத்தமானி

இருக்கு, செலவும் கம்மி. மீன் தொட்டிக் கடையில 6 எம்எம் தெளிவான டியூப் 3 மீட்டர் வாங்குங்க. ஒரு பலகையில யூ வடிவத்துல ஒட்டுங்க, ஒவ்வொரு கையும் 60 செமீயாவது உயரம் இருக்கணும். பாதி வரைக்கும் தண்ணி, ரெண்டு சொட்டு நீல மை. ஒரு முனை காத்துல திறந்தே இருக்கட்டும். இன்னொரு முனையை ஏர்பாக்ஸ்ல ஃபில்டருக்கு அப்புறம் வர்ற பக்கத்துல சின்ன நிப்பிள் வெச்சு மாட்டுங்க. துளை போடறதுன்னா பாக்ஸ் மூடியைக் கழட்டி வெளிய எடுத்துட்டுப் போடுங்க, துகள் ஒண்ணுகூட உள்ள விழக்கூடாது. டியூப்பைக் கதவு ரப்பர் வழியா உள்ள கொண்டு வந்து, பக்கத்துல உக்காந்திருக்கிறவர் பாக்கட்டும். ஓட்டுறவர் பாக்கக் கூடாது.

டைனோவிலயோ (வண்டியை நிறுத்தி வெச்சே பவர் அளக்கற உருளை மெஷின்), செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேல ட்ராக் நாள் கிடைக்கிறப்போவோ, முழு ஆக்ஸிலேட்டர்ல 5,500 ஆர்பிஎம் வரைக்கும் இழுங்க. ஒரு பக்கம் 8 செமீ ஏறி மறுபக்கம் 8 செமீ இறங்கினா மொத்தம் 16 செமீ. 10 செமீ தண்ணி ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். பல பேர் ஒரு கையை மட்டும் பாத்துட்டு பாதி அளவை எழுதிடுவாங்க.

அப்புறம் நிப்பிளை ஃபில்டருக்கு முன்பக்கத்துக்கு மாத்தி இன்னொரு தடவை எடுங்க. அப்போ தெரியறது ஸ்னார்க்கல் (வெளிக்காத்தை பாக்ஸுக்குக் கொண்டு வர்ற குழாய்) தின்ற பங்கு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஃபில்டரோட பங்கு. தடை முக்கால்வாசி ஸ்னார்க்கல்ல இருந்தா, எவ்வளவு விலை கொடுத்துப் பேனல் ஃபில்டர் மாத்தினாலும் அது தீராது. மொத்தமே 15 செமீக்குள்ள வந்தா ஸ்டாக் மேப்புக்கு ஒண்ணும் தொட வேண்டாம்.

முதல்ல ஒண்ணு செய்யுங்க: பாக்ஸைத் திறந்து பேப்பர் ஃபில்டரைப் பாருங்க. மடிப்புக்குள்ள வேப்பிலைச் சருகும் செம்மண்ணும் அடைஞ்சிருந்தா புது பேப்பர் ஃபில்டர் போட்டுட்டு அப்புறம் அளங்க. அழுக்கு ஃபில்டரோட ஒப்பிட்டா எந்தக் கிட்டும் நல்லாத்தான் தெரியும்.

சூட்டையும் அளக்கணும். டர்போவுக்கு முன்னாடி உங்க வண்டியில சென்சார் இல்லாததால ஓபிடி ஆப்ல அது வராது. ஃபிரிட்ஜுக்கு விக்கிற, ஒயர் வெச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி முனையை ஃபில்டருக்கு முன்பக்கமா, பாக்ஸ் சுவத்துல படாம தொங்க விட்டு டேப் போடுங்க. அழுக்குப் பக்கம்தான், சுத்தப் பக்கம் வேண்டாம், கழண்டா டர்போவுக்குள்ள போயிடும். ஓடற வண்டியில வெளிக்காத்தை விட 10 டிகிரிக்குள்ள இருந்தா பாக்ஸ் நல்லா வேலை செய்யுது.

ஸ்பேனர்_12

மாட்டுற வேலையைப் பத்தி நான் சொல்றேன் தம்பி. வீட்லயே செய்யலாம், அவசரப்படாம இருந்தாப் போதும். எஞ்சின் முழுசா ஆறியிருக்கணும், இக்னிஷன் ஆஃப்.

கழட்டுறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோ. எந்த ஹோஸ் எந்த நிப்பிள்ல இருந்துச்சு, கிளாம்ப் வாய் எந்தப் பக்கம் பாத்துச்சுங்கிறது அப்புறம் ஞாபகம் இருக்காது. மேல இருக்கிற ஸ்னார்க்கலை முதல்ல எடு. ப்ரீதர் ஹோஸை (எஞ்சின் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டு வர்ற குழாய்) இழுக்காதே, குயிக் கனெக்டரோட ரெண்டு பக்கமும் அமுக்கி நேரா உருவு. வயசான பிளாஸ்டிக் நிப்பிள் பக்கவாட்டுல ஒரு தடவை வளைச்சாப் போதும், உடைஞ்சிடும். டர்போ பக்கம் இருக்கிற ஸ்பிரிங் கிளாம்ப்பைப் ப்ளையர்ல பிடிச்சுப் பின்னுக்குத் தள்ளிட்டு அப்புறம் பாக்ஸை ரப்பர் குரோமெட்ல இருந்து நேரா மேல தூக்கு. குரோமெட் பாக்ஸோட ஒட்டிக்கிட்டு வந்துடும், கீழ விழுந்தா எஞ்சின் கவருக்குள்ள காணாமப் போகும்.

டர்போ வாய் திறந்த அடுத்த நிமிஷம் நூல் பிரியாத துணியால அடைச்சிடு. துணி மேல சிவப்பு டேப் ஒட்டி ஒரு முனை பாக்ஸ் இடத்துக்கு வெளிய தொங்கட்டும். துணியை உள்ளயே விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணின வண்டிங்க ஷெட்டுக்கு வருது. கம்ப்ரஸர் வீல் ஒரு தடவை துணியைப் பிடிச்சா டர்போ போச்சு.

அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அந்த வீலைப் பாத்துக்கோ. விரலால மெதுவா மேலயும் கீழயும் அசைச்சா துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடக்கூடாது, பிளேடு ஹவுஸிங்ல உரசக்கூடாது. பிளேடு நுனி மழுங்கி, மணல் தேய்ச்ச மாதிரி இருந்தா ஏற்கெனவே தூசி போயிருக்குன்னு அர்த்தம். கொஞ்சம் எண்ணெய்ப் படலம் இருக்கிறது ப்ரீதர்ல இருந்து வர்றது, பயப்படாதே.

புது கிட்ல பாக்ஸ் பாடியோட நிக்கும், டர்போ எஞ்சினோட ஆடும். மூணு சிலிண்டர், ஐடில்லயும் கிளட்ச் விடுறப்போவும் நல்லாவே குலுங்கும். அதனால நடுவுல சிலிகான் ஹோஸ் ஒரு இடத்துலயாவது வளைஞ்சு கொடுக்கணும். இரும்புக் குழாயை ரெண்டு பக்கமும் பிராக்கெட் வெச்சு இறுக்கினா ஒண்ணு பிராக்கெட் வெல்டு விடும், இல்லாட்டி டர்போவுக்குப் போற பிளாஸ்டிக் எல்போ கீறல் விடும். பிராக்கெட்டுக்கு ரப்பர் மவுண்ட் கண்டிப்பா வேணும். குழாய்க்கும் பக்கத்துல இருக்கிற எதுக்கும் 15 எம்எம் இடைவெளியாவது விடு. ஒயரிங், கூலன்ட் ஹோஸ், பேட்டரி ட்ரே இது மூணையும் தனித்தனியாப் பாரு.

சிலிகானை ஏத்த சோப்புத் தண்ணி போதும். எண்ணெயோ கிரீஸோ தடவாதே, எஞ்சின் குலுங்கறப்போ வழுக்கிட்டு வரும், சில சிலிகான் ஊறிடும். சாதாரண கிளாம்ப்னா 3 - 4 நியூட்டன் மீட்டர் போதும். பல்லைக் கடிச்சு இறுக்கினா பட்டை சிலிகானை வெட்டும். கிளாம்ப் ஹோஸ் நுனியில இருந்து 5 எம்எம் உள்ள, குழாயோட உருளை விளிம்புக்குப் பின்னாடி உக்காரணும். விளிம்பு மேலயே உக்கார வெச்சா இறுக்கின மாதிரி இருக்கும், ஒரு வாரத்துல லூஸாகும்.

எல்லாம் மாட்டினப்புறம் 10 நிமிஷம் ஐடில் விடு. ஆறினதும் கிளாம்ப் எல்லாத்தையும் திரும்பச் சரிபாரு. 200 கிலோமீட்டர் ஓடினப்புறம் இன்னொரு தடவை.

கோவை_டிஎஸ்ஐ

அண்ணா, ப்ரீதரை அப்படியே சின்ன ஃபில்டர் வெச்சு வெளிய விட்டா சுத்தமா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. அது சரியா? அப்புறம் நண்பர் ஒருத்தர் எம்ஏஎஃப் இருக்கிற டர்போ வண்டி வெச்சிருக்காரு, அவருக்கும் இதே கிட் ஆகுமா?

ஸ்பேனர்_12

வெளிய விடாதே. கிரேங்க்கேஸ் ஆவியை இழுக்கிறதுக்குத்தான் அதை ஃபில்டருக்கு அப்புறம், டர்போவுக்கு முன்னாடி கோத்திருக்காங்க. வெளிய விட்டா கேபின்ல எண்ணெய் வாசம், எஞ்சின் மேல எண்ணெய்த் தூசி, மாசு விதியும் மீறுது. கிட்ல அதுக்கான நிப்பிள் அதே விட்டத்துல இல்லாட்டி அந்தக் கிட்டையே வாங்காதே. குறைச்சு அடாப்டர் போட்டா கிரேங்க்கேஸ் அழுத்தம் ஏறி சீல்ல எண்ணெய் கசியும்.

அழுத்தமானி

எம்ஏஎஃப் வண்டிக்கு இது முழுசா வேற விஷயம் ப்ரோ. சென்சார் உக்காரும் இடத்துல குழாயோட உள்விட்டம் ஸ்டாக் அளவே இருக்கணும். 70 எம்எம்ல அளந்து பழகின சென்சாரை 76 எம்எம் குழாய்ல வெச்சா பரப்பு 18 சதவீதம் கூடிடும், அதே காத்து மெதுவாப் போகும், சென்சார் 15 சதவீதம் குறைவாச் சொல்லும். ஈசியூ அதுக்கேத்த பெட்ரோல்தான் விடும், கலவை மெலிஞ்சு பி0171ங்கிற ஃபால்ட் கோடு வரும். அதுபோக சென்சாருக்கு முன்னாடி நேரான குழாய் கொஞ்சம் வேணும், வளைவை ஒட்டி வெச்சா அளவு ஆடிக்கிட்டே இருக்கும். காட்டன் ஃபில்டர்ல எண்ணெய் அதிகமாப் போட்டா சென்சாரோட சூட்டுக் கம்பியில படியும். அவர் டிரை ஃபில்டர் பாக்கட்டும்.

மழைநீர்_வழி

பொள்ளாச்சி ரோடும் ஊட்டியும்னு சொன்னதால தூசியையும் தண்ணியையும் சேத்துச் சொல்றேன்.

டக்ட் வாயை எங்க வைக்கிறீங்கங்கிறதை ஷோரூம் அழகுக்காக முடிவு பண்ணாதீங்க. கிரில் மேல்பக்கம், ஹெட்லைட் மட்டத்துல இருக்கிறது சரி. ஃபெண்டருக்குள்ள, ஃபாக் லேம்ப் பின்னாடி ஃபில்டரை இறக்குற கிட் குளிர்காத்து நல்லாத்தான் தரும். ஆனா முழங்கால் அளவு தண்ணி நிக்கிற சப்வேல ஒரு தடவை இறங்கினா டர்போ தண்ணியை இழுத்துடும். தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் சென்னையில தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணி எஞ்சினை இழந்த வண்டிகள் ஏராளம், அதுங்க ஸ்டாக் இன்டேக்தான். இன்னும் கீழ இறக்கி வெச்சுட்டு மழைக்காலத்தைத் தாண்டறது ஆபத்து. டக்ட்டோட அடிப்பகுதியில 5 எம்எம் வடிகால் துளை ஒண்ணு வேணும்.

தூசிக்கு வர்றேன். விக்கிறவங்க காத்தோட்டத்தை மட்டும் விளம்பரப்படுத்துவாங்க. நீங்க கேக்க வேண்டியது ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவு: எவ்வளவு சதவீதம் தூசியைப் பிடிக்குது, எத்தனை கிராம் பிடிச்சதும் அடையுது. தடை குறைஞ்ச ஃபில்டர்ல பல நேரம் துளையும் பெரிசு. எம்சாண்ட் லாரி பின்னாடி ஓடற ரோட்டுல அந்த வித்தியாசம் பிஸ்டன் ரிங்ல தெரியும். மாட்டின 1,000 கிலோமீட்டர்ல குழாயைக் கழட்டி, ஃபில்டருக்கு அப்புறம் இருக்கிற உள்சுவரை வெள்ளைத் துணியால துடையுங்க. எண்ணெய்க் கறை பரவாயில்ல. விரல்ல தேய்ச்சா நறநறன்னு மண் தட்டுப்பட்டா ஃபில்டர் விளிம்பு சரியா உக்காரல, இல்லாட்டி ஃபில்டரே சரியில்ல. பேனல் ஃபில்டர்ல பெரும்பாலும் விளிம்பு ரப்பர்தான் குத்தவாளி. ஸ்டாக்கை விட 1 எம்எம் மெலிசா இருந்தாலே பாக்ஸ் கவ்வாது.

காட்டன் ஃபில்டர்னா கழுவறதும் உங்க வேலை. கிளீனரை ரெண்டு பக்கமும் தெளிச்சு 10 நிமிஷம் ஊற விட்டு, சுத்தப் பக்கத்துல இருந்து அழுக்குப் பக்கமா மெதுவா தண்ணி விடுங்க. பிரஷர் வாஷரும் கம்ப்ரஸர் காத்தும் வேண்டாம், கம்பி வலைக்குள்ள பஞ்சு விலகிடும். நிழல்ல முழுசா காயணும். அப்புறம் ஒவ்வொரு மடிப்பு மேலயும் ஒரு கோடு எண்ணெய், 20 நிமிஷம் பொறுத்துப் பாத்து வெளுத்த இடத்துக்கு மட்டும் இன்னொரு சொட்டு. இதைச் செய்யப் பொறுமை இல்லாட்டி பேப்பர் ஃபில்டரே மேல், குப்பையில போட்டுட்டுப் புதுசு மாத்திக்கலாம்.

சட்டப் பக்கமும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துல இருந்து மாறுற மாற்றங்களுக்குக் கடிவாளம் போடுது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ விதிக்கலாம். இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட எழுத்துல தெரிவிச்சுட்டு மாத்துங்க. தண்ணி புகுந்த எஞ்சினுக்கு க்ளெய்ம் போடறப்போ அவங்க முதல்ல பாக்கறது இன்டேக்கைத்தான்.

கோவை_டிஎஸ்ஐ

எல்லாருக்கும் நன்றிங்க. முதல்ல பேப்பர் ஃபில்டர் புதுசு, அப்புறம் யூ வடிவ டியூப்ல அளவு. ரீமேப்போட சேத்து மூடுன பாக்ஸ் கிட். ஓப்பன் கோன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். கிட் போட்டப்புறம் செக் எஞ்சின் லைட் வந்தா எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

ஸ்பேனர்_12

ஸ்கேன் பண்ணி ஃபால்ட் கோடைப் பாரு தம்பி. பி0299, அதாவது பூஸ்ட் பத்தலன்னு வந்து, அதுவும் மேல் ஆர்பிஎம்ல மட்டும் வந்தா, டர்போவுக்கு முன்னாடி இருக்கிற சிலிகான் ஹோஸைச் சந்தேகப்படு. அந்தப் பக்கம் உறிஞ்சற பக்கம். மெலிசான ரெண்டடுக்கு ஹோஸ் சூடானதும் உள்ள சப்பிக்கும், ஐடில்ல பாத்தா ஒண்ணுமே தெரியாது. எஞ்சின் நல்லா சூடா இருக்கிறப்போ ஆஃப் பண்ணிட்டு, கையுறை போட்டு ஹோஸை அமுக்கிப் பாரு. சுலபமா சப்பினா நாலடுக்கு ஹோஸ், இல்லாட்டி உள்ள கம்பிச்சுருள் வெச்சது மாத்து. எல்லா ஆர்பிஎம்லயும் வந்தா பூஸ்ட் பக்கத்துல, நீ கை வெச்சப்போ ஏதாவது இளகிச்சான்னு பாரு. வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் கனெக்டர், பூஸ்ட் சென்சார் கனெக்டர் ரெண்டும் க்ளிக்னு உக்காந்திருக்கணும்.

எந்தக் கோடும் வராம சத்தம் மட்டும் மாறினா ஸ்மோக் டெஸ்ட் (குழாய்க்குள்ள புகை விட்டு ஓட்டை தேடறது) கேளு. எம்ஏஎஃப் இல்லாத வண்டியில டர்போவுக்கு முன்னாடி இருக்கிற ஓட்டை ஈசியூவுக்குத் தெரியாது, லைட்டும் எரியாது, தூசி மட்டும் நேரா உள்ள போயிக்கிட்டே இருக்கும்.